கரியேறிய நுரையீரலும் வென்டிலேட்டரும்: ரோட் ஐலண்ட் தீ விபத்து குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2003 பிப்ரவரி 20, வியாழக்கிழமை. அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில், வெஸ்ட் வாரிக் என்ற ஊரில், 'தி ஸ்டேஷன்' என்ற இசை விடுதியில் இரவு 11 மணியைத் தாண்டி ஒரு ராக் கச்சேரி ஆரம்பமானது. மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, ஒலியை அடக்குவதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சில் பற்றியது. உள்ளே 400 பேருக்கு மேல் இருந்தார்கள். தண்ணீர் தெளிக்கும் தானியங்கித் தீயணைப்பு அமைப்பு கட்டடத்தில் இல்லை. பின்னர் அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகம் அந்த மேடைப் பகுதியை மாதிரியாகக் கட்டி எரித்துப் பார்த்து, சுமார் 90 வினாடிகளில் அங்கே மனிதர் உயிரோடு இருக்க முடியாத நிலை வந்துவிட்டது என்று சொன்னது. பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். வாசலில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடைத்துக்கொண்டது.

இறந்தவர்கள் 100 பேர். அவர்களில் 96 பேர் சம்பவ இடத்திலேயே போய்விட்டார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பின் இறந்தவர்கள் 4 பேர் மட்டும். காயம்பட்டவர்கள் 200க்கும் மேல். தீக்காய நோயாளிக்கு வென்டிலேட்டர் வைப்பதைப் பற்றிப் பேச நான் இந்த விபத்தை எடுத்துக்கொண்டதற்கு அந்த 4 என்ற எண்தான் காரணம். வெளியே உயிரோடு வந்தவர்களில் ஏராளமானோருக்குப் புகை உள்ளே போயிருந்தது. அப்படியிருந்தும் அவர்களில் அநேகரைக் காப்பாற்ற முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை ஐசியூ கண்ணோடு பார்க்கலாம்.

பிராவிடன்ஸ் நகரில் உள்ள ரோட் ஐலண்ட் மருத்துவமனை 'முதல் நிலை', அதாவது மிக உயர்ந்த தர, விபத்துச் சிகிச்சை மையம். சில மணி நேரத்துக்குள் அங்கே 64 பேர் பார்க்கப்பட்டார்கள். 47 பேர் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். அந்த 47 பேரில் 28 பேருக்கு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருந்தது. வேறு சிலர் பாஸ்டனுக்கும் வூஸ்டருக்கும் போனார்கள். குழந்தைகளுக்கென்றே நடக்கும் பாஸ்டன் ஷ்ரைனர்ஸ் தீக்காய மருத்துவமனைகூட அன்றைக்குப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு தகவலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்க்கப்பட்ட 47 பேரில் பெரும்பாலோருக்குத் தோலில் வெந்த பரப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வென்டிலேட்டர், ஆனால் தோல் காயம் பெரிதில்லை. கூரையை ஒட்டித் தேங்கிய சூடான புகைக்கு அடியில், நெரிசலில் நின்றபடி மூச்சு வாங்கியவர்களுக்கு இப்படித்தான் ஆகும். தீக்காய நோயாளி ஆபத்தில் இருக்கிறாரா என்பதைத் தோலின் சதவீதத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 1987இல் ஷிரானியும் பிரூயிட்டும் மேசனும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசி வெளியிட்ட கட்டுரை இதை அழுத்தமாகச் சொன்னது. ஒரே வயது, ஒரே தீக்காயப் பரப்பு என்றாலும், புகையால் நுரையீரல் பாதித்திருந்தால் இறப்பு விகிதம் 20 சதவீதப் புள்ளிகள் வரை கூடும். அதோடு நிமோனியாவும் சேர்ந்தால் 60 வரை போகும்.

அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், அதே வட்டாரத்தில்

வெஸ்ட் வாரிக்கிலிருந்து சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டரில் பாஸ்டன். அங்கே 1942 நவம்பர் 28 அன்று கோகோனட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்தது. 492 பேர் இறந்தார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உயிரோடு வார்டுக்குப் போனவர்கள் 39 பேர். அவர்களில் 7 பேர் பின்னர் இறந்தார்கள். தோல் காயத்துக்கு அங்கிருந்த அறுவை மருத்துவர் ஆலிவர் கோப்பின் குழு வாஸ்லின் தடவிய மெல்லிய துணியைச் சுற்றும் எளிய முறையைக் கையாண்டு நல்ல பலன் கண்டது. நுரையீரலுக்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை. ஆக்சிஜன் கூடாரம் இருந்தது, கழுத்தில் துளை போட முடிந்தது. உள்ளே வீங்கி, சவ்வு உரிந்து, அடைத்துக்கொண்டிருந்த நுரையீரலுக்கு அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவி அன்றைக்கு வார்டில் கிடையாது. புகையால் நுரையீரல் வேகும் என்பதை மருத்துவ உலகம் கண்ணெதிரே கண்டு எழுதி வைத்தது அந்தத் தீயில்தான்.

2003இல் கருவி இருந்தது. ஆனால் கருவி இருப்பது மட்டும் போதாது. 28 வென்டிலேட்டர் என்றால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கண் எடுக்காமல் நிற்க ஒரு செவிலியர், குழாயை உறிஞ்சிச் சுத்தம் செய்ய, அழுத்தத்தைப் படிக்கத் தெரிந்த சுவாசச் சிகிச்சையாளர், ராத்திரி பகல் பாராமல் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கருவி) எடுத்து வரக்கூடிய மருத்துவர், தினமும் அறுவை அரங்குக்குப் போய் வரும் நோயாளிகளின் வரிசை. ரோட் ஐலண்ட் மருத்துவமனை தன் விபத்துப் பிரிவு ஐசியூவையே தீக்காய ஐசியூவாக மாற்றிக்கொண்டது.

டியூப் எப்போது, எப்படி

தீக்காயத்தில் மூச்சுப் பாதை மூன்று விதமாகக் கெடுகிறது. குரல்வளைக்கு மேலே சூட்டினால் வேகிறது. அதற்குக் கீழே, சிறு குழாய்கள் வரைக்கும், புகையில் உள்ள ரசாயனங்கள் அரிக்கின்றன. மூன்றாவது, கார்பன் மோனாக்சைடும் சயனைடும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதையும் தாக்குகின்றன. இந்த மூன்றுக்கும் அவசரம் ஒரே மாதிரி இல்லை.

மேற்பகுதி வீக்கம்தான் ஏமாற்றும். வந்தவுடன் நோயாளி உட்கார்ந்து பேசுவார், பெயரைச் சொல்வார், வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்வார். ஆறு மணி நேரம் கழித்துக் குரல் கம்மும், மூச்சில் சீறல் கேட்கும். வீக்கம் 12இலிருந்து 36 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நரம்பில் ஏற்றும் திரவம் கூடக்கூட முகமும் நாக்கும் இன்னும் உப்பும். அந்த நேரத்தில் டியூப் போடப் போனால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முகம் ஆழமாக வெந்திருந்தால், குரல் மாறியிருந்தால், வாயின் உள்ளே வீக்கமோ கொப்புளமோ தெரிந்தால், காத்திருக்காமல் போட்டுவிடுவதே சரி.

அதே சமயம், மூக்குமயிர் கருகியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் டியூப் போடுவதையும் நான் ஏற்க மாட்டேன். ஒருநாள்கூட அவசியப்படாத டியூப்கள் தீக்காயப் பிரிவுகளில் நிறையவே போடப்படுகின்றன. அந்த டியூபோடு மயக்க மருந்து வருகிறது, நிமோனியா வருகிறது, கூடுதல் திரவம் வருகிறது. சந்தேகம் இருந்தால் மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கு வழியே விட்டுக் குரல்வளையைப் பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. வீக்கம் இல்லையென்றால் சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். வெகு தூரம் ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது போட்டு அனுப்புவதே மேல்.

போடும் டியூப் பெரியதாக இருக்கட்டும். பெரியவருக்கு 8 மில்லிமீட்டர். 6.5 போட்டுவிட்டு, மூன்றாவது நாள் கரியும் சளியும் உறைந்து அடைத்துக்கொண்டால், அதற்குள் பிராங்கோஸ்கோப் நுழையாது. டியூபைக் கட்டுவது இன்னொரு முக்கியமான வேலை. வெந்த முகத்தில் பிளாஸ்திரி ஒட்டாது. தோலே வழன்று வரும் இடத்தில் எதை ஒட்டுவது? பருத்தி நாடாவை டியூபைச் சுற்றி இறுக்கி, காதுக்கு மேலும் கீழுமாகப் பின்தலையில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். முகம் வீங்கும்போது அதே நாடா காதையும் வாய் ஓரத்தையும் அறுக்கும். வீக்கம் வடியும்போது தொளதொளவென்று ஆகி டியூப் நழுவும். முதல் நாள் தளர்த்துவதும் நான்காம் நாள் இறுக்குவதும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது. வீங்கிய தொண்டையிலிருந்து நழுவிய டியூபைத் திரும்பப் போட இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்காது. பற்களின் விளிம்பில் டியூப் எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

டியூப் போடக் கொடுக்கும் மருந்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் முதல் நாளில் பரவாயில்லை. அதற்குப் பிறகு, வெந்த உடம்பில் அது ரத்தத்தின் பொட்டாசியத்தை இதயமே நின்றுபோகும் அளவுக்கு ஏற்றிவிடலாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை டியூப் போடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரை நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதை அளக்கத் தனியாகக் கோ-ஆக்சிமீட்டர் வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணிக்குள் பாதியாகிவிடும். ஆகவே முதல் சில மணி நேரம் வென்டிலேட்டரில் ஆக்சிஜன் 100 சதவீதம். பாலியூரித்தேன் எரிந்த புகை என்றால் சயனைடையும் நினைக்க வேண்டும். திரவம் ஏற்றியும் ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபோது ஏறும் அமிலம்) இறங்காமல் நோயாளி சரிந்துகொண்டே போனால், சயனைடுக்கு முறிவான ஹைட்ராக்சோகோபாலமின் 5 கிராம் கொடுப்பது இன்றைய வழக்கம். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2006 டிசம்பரில். ஸ்டேஷன் நோயாளிகளுக்கு அது கைக்கு எட்டும் மருந்தாக இருக்கவில்லை.

6 மில்லி: தீக்காயத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும்

இந்த விபத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்தான், 2000இல், அமெரிக்க ஏஆர்டிஎஸ் (திடீரெனக் கடுமையாக நுரையீரல் செயலிழக்கும் நிலை) வலையமைப்பின் ஆய்வு வெளியாகியிருந்தது. 861 நோயாளிகள். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம். நுரையீரலை ஊதி ஊதியே கெடுக்கிறோம் என்பது அன்று நிரூபணமானது. உலகத்து ஐசியூக்கள் எல்லாம் மெல்ல 6 மில்லிக்கு மாறின.

ஆனால் அந்த ஆய்வில் உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் வெந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் அதில் இல்லை. கொள்கையை எடுத்துக்கொள்ளலாம், எண்ணை அப்படியே ஒட்ட முடியாது. காரணம் இருக்கிறது. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு நாள்கணக்கில், வாரக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். வளர்சிதை மாற்றம் ஏறி, கரியமில வாயு கூடுதலாக உற்பத்தியாகும். புகை பட்ட நுரையீரலிலோ காற்று போயும் பயன்படாத பகுதி அதிகம். சிறு மூச்சாகக் கொடுத்தால் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கும். ஓரளவுக்குத் தேங்கட்டும் என்று விடலாம்; ரத்தத்தின் அமிலத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தாங்குவார்கள். அதற்கும் கீழே போனால் மூச்சு எண்ணிக்கையை ஏற்ற வேண்டும், அல்லது 7, 8 மில்லி என்று மெல்லக் கூட்ட வேண்டும்.

கிலோ என்பது எந்தக் கிலோ என்பதிலும் கவனம் வேண்டும். உயரத்திலிருந்து கணக்கிடும் எடைதான் இங்கே பேச்சு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு அது 66 கிலோ. 6 மில்லி வீதம் ஒரு மூச்சு சுமார் 400 மில்லி. இரண்டாம் நாள் அவரைக் கட்டிலோடு எடை போட்டால் திரவம் ஏறி 80 கிலோ காட்டலாம். நுரையீரல் அதற்காக வளர்ந்துவிடவில்லை.

அமெரிக்க ராணுவத்தின் சான் அன்டோனியோ தீக்காய மையம் இந்தக் கேள்வியை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. 2010இல் வெளியான அந்த ஆய்வில் 62 தீக்காய நோயாளிகள். ஒரு பாதிக்குச் சிறு மூச்சு முறை. மறு பாதிக்கு உயர் அதிர்வெண் தாள முறை. அதில் சின்னச் சின்னக் காற்றுத் துடிப்புகள் வேகமாகப் போய் சளியையும் கரியையும் தட்டிக் கிளப்பும். வென்டிலேட்டர் இல்லாமல் கழிந்த நாள்களில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் சிறு மூச்சுக் குழுவில் வேறு முறைக்கு மாற்றியே ஆக வேண்டிய நிலைக்குப் போனவர்கள் தெளிவாக அதிகம். என் பார்வையில் இதற்கு அர்த்தம், தாளக் கருவி வாங்கியே தீர வேண்டும் என்பதல்ல. சிறு மூச்சு மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே அடைத்திருப்பதைக் கவனிக்காமல் விட்டால் அந்த முறை தோற்றுப்போகும்.

அழுத்தம் ஏறினால்

வென்டிலேட்டர் திரையில் உச்ச அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும். உள்மூச்சின் முடிவில் ஒரு நொடி காற்றை நிறுத்திப் பார்த்தால் இன்னொரு எண் வரும்: சம அழுத்தம். தீக்காய நோயாளியின் கட்டிலருகே இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் பாதி நோயறிதல் முடிந்தது.

உச்ச அழுத்தம் மட்டும் ஏறி, சம அழுத்தம் அப்படியே இருந்தால், குழாயில் தடை. டியூப் மடிந்திருக்கலாம், நோயாளி கடித்துக்கொண்டிருக்கலாம், மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம். புகை பட்டவருக்கு முதலில் நினைக்க வேண்டியது உறைவுக் கட்டி. வெந்த மூச்சுக்குழாயின் உட்சவ்வு உரிந்து, ஃபைப்ரினும் (ரத்தத்தை உறைய வைக்கும் நார்ப் புரதம்) சளியும் வெள்ளணுக்களும் கரித்துகளும் சேர்ந்து, குழாயின் கிளை வடிவத்திலேயே உறைந்துவிடும். பிராங்கோஸ்கோப் வழியே இழுத்தெடுக்கும்போது சாம்பலும் கறுப்புமாக, கிளை பிரிந்து, விரல் நீளத்துக்கு முழுசாக வரும். அது வால்வு மாதிரி வேலை செய்தால் காற்று உள்ளே போகும், வெளியே வராது. நுரையீரல் பிதுங்கி வெடித்துக்கூடப் போகலாம். இதற்கு உப்புநீர் விட்டு உறிஞ்ச வேண்டும், முதுகைத் தட்ட வேண்டும், பிராங்கோஸ்கோப்பில் கழுவ வேண்டும், நெபுலைசரில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினும் சளியை இளக்கும் அசிட்டைல்சிஸ்டைனும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். 1998இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஹெப்பாரின் முறைக்குச் சாதகமாக வந்தது. பெரியவர்களிடம் சான்று இன்னும் உறுதிப்படவில்லை. நான் கொடுப்பதன் பக்கம் இருக்கிறேன். இழப்பு குறைவு, கிடைத்தால் லாபம் பெரிது. ஆனால் சளி உறிஞ்சுவதற்கு அது மாற்றாகாது.

இரண்டு அழுத்தங்களும் சேர்ந்தே ஏறினால், காற்றுப் பை இருக்கும் பக்கம் ஏதோ விறைத்திருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நெஞ்சைச் சுற்றி ஆழமாக வெந்த தோல் இறுகியிருக்கலாம். வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளலாம்.

நெஞ்சுத் தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழு ஆழத்துக்கு வெந்த தோல் காய்ந்த மாட்டுத்தோல் போல விறைத்துவிடும். விரலால் தட்டினால் அசையாது, ஊசியால் குத்தினாலும் நோயாளிக்குத் தெரியாது. அது விலாவைச் சுற்றிவிட்டால், அடியில் நீர் கோத்து வீங்க வீங்க நெஞ்சு விரிய இடமே இருக்காது. இரண்டு அக்குளின் முன்கோட்டில் மேலிருந்து கீழாகவும், விலா எலும்பின் அடி ஓரமாகக் குறுக்காகவும் வெட்டிவிட வேண்டும். கட்டிலிலேயே செய்யலாம். டயதெர்மி (மின்சாரச் சூட்டால் வெட்டும் கருவி) முனை தோலைக் கடந்து கொழுப்பைத் தொட்டதும் வெட்டு தானாக இரண்டு பக்கமும் விலகி வாய் பிளக்கும், மஞ்சள் கொழுப்பு மேலே பிதுங்கும். அப்படியே திரையைப் பார்த்தால் 42 செ.மீ. நீர் என்ற அளவில் நின்ற அழுத்தம் கண்ணெதிரே முப்பதுக்குள் இறங்குவதைக் காணலாம். இந்த வெட்டு தேவைப்படும் நோயாளிக்கு வென்டிலேட்டர் அமைப்பை ராத்திரி முழுக்க மாற்றிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது.

வயிறு உப்புவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். தீக்காயத்துக்குத் திரவ அளவைச் சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி (4 மில்லி × எடை × வெந்த சதவீதம்) 70 கிலோ எடையும் 40 சதவீதத் தீக்காயமும் உள்ளவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 4 × 70 × 40, அதாவது 11,200 மில்லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில். புகை பட்டவருக்கு இதற்கும் மேலே தேவைப்படும். அது ஆரம்பக் கணக்குதான். மணிக்கு மணி சிறுநீரைப் பார்த்துக் கூட்டவும் வேண்டும், முக்கியமாகக் குறைக்கவும் வேண்டும். கூட்டுவதை எல்லோரும் செய்கிறோம், குறைப்பதை மறந்துவிடுகிறோம். மிஞ்சிய திரவம் குடலிலும் நுரையீரலிலும் தேங்கும். மேலே சொன்ன 1987 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான பாசில் பிரூயிட் இந்தப் பழக்கத்தை 2000இலேயே கண்டித்து எழுதினார். சிறுநீர்ப்பைக் குழாய் வழியே வயிற்று அழுத்தத்தை அளப்பது சுலபம். அது 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி உறுப்புகள் சோர ஆரம்பித்தால் வென்டிலேட்டரில் தேட எதுவும் இல்லை, வயிற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சம அழுத்தம் 30க்குள் இருக்க வேண்டும் என்ற விதியையும் இந்த இடத்தில் யோசித்தே கையாள வேண்டும். நெஞ்சுச் சுவரும் வயிறும் விறைத்திருக்கும்போது, அளக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்கின்றன. நுரையீரலின் மீது விழும் இழுவை அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு. 33 என்று வந்ததற்காகப் பதறி மூச்சைச் சுருக்கி, நுரையீரலைச் சுருங்கவிடுவதும் தப்புதான்.

டியூபை எடுப்பது

மற்ற ஐசியூ நோயாளிகளுக்கு நுரையீரல் தேறினால் டியூபை எடுத்துவிடலாம். தீக்காயத்தில் அப்படி நேர்கோடாகப் போகாது. நாளைக்குத் தோல் ஒட்டு அறுவை, மூன்று நாள் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு முறையும் எடுத்துப் போட்டால் தொண்டை புண்ணாகும். எடுக்காமல் வைத்தால் நிமோனியா. கட்டு மாற்றும் வலிக்குக் கொடுக்கும் மருந்தும் மூச்சை அடக்கும். இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்தால் டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைப்பது, வசதி. அமெரிக்கத் தீக்காய மருத்துவர் ஜெஃப்ரி சாஃபிளின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் துளை போட்டதால் உயிர் கூடுதலாகப் பிழைக்கவில்லை. நோயாளிக்கு வசதி கூடியது. அந்த வசதியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வாயில் டியூப் இல்லாதவர் உதட்டை அசைத்துப் பேச முயலலாம், உட்காரலாம், மயக்க மருந்தைக் குறைக்கலாம். கழுத்து வெந்திருந்தால் மட்டும், முதலில் அங்கே தோல் ஒட்டி ஆறிய பின் போடுவது நல்லது.

தடுப்புக்காக முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் பயன் இல்லை; ஸ்டீராய்டும் உதவாது. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ் என்பது பெரிய தீக்காயத்தில் சகஜம் என்பதால், நிமோனியாவை அடையாளம் காண்பதே சிரமம். எக்ஸ்ரேயில் புதிய நிழல், சளியின் நிறமும் அளவும் மாறுவது, ஆக்சிஜன் தேவை கூடுவது, இவற்றைச் சேர்த்துப் பார்த்து, சளியைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டுத்தான் மருந்து.

எடுப்பதற்கு முன் டியூபின் பலூனைச் சுருக்கிச் சுற்றிலும் காற்று கசிகிறதா என்று கேட்க வேண்டும். கசியவில்லை என்றால் தொண்டை இன்னும் வீங்கியிருக்கிறது, ஒருநாள் பொறுக்கலாம். எடுத்த பிறகும் வேலை உண்டு. முதல் நாள் குரல் கரகரப்பாகத்தான் வரும், விழுங்கும்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லும்வரை வாய்வழி எதுவும் தரக் கூடாது. வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது என்று யாராவது வந்தால், ஆஸ்துமா என்று இன்ஹேலரைக் கொடுத்து அனுப்பிவிடாமல், டியூபும் புகையும் பட்ட அந்த இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கிறதா என்று பிராங்கோஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும்.